ஐந்தடிக் கேபிள்

முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குக் கிழக்கே
தரைக்கடியில் ஓடும் கேபிள் எல்லாம்
எனக்குத் தெரியும், எந்த ஜாயிண்ட் எந்த வீட்டு வாசலில் என்று.
ஐப்பசி மழைக்கு முன்னால்
மெக்கர் வைத்து ஒவ்வொரு பேஸாகப் பார்ப்பேன்.
எரிகிற விளக்கை நம்பாதே.
மின்துறையில் சேர்ந்த வாரம் கற்றது இது.

அக்கா அஞ்சலாட்சிக்கு
சொல்தா வீட்டில் வாழ்க்கைப்பட்ட புண்ணியத்தில்
பாரிசுக்கு வெளியே மூன்றாம் மாடியில் ஒரு வீடு,
ஐம்பது முடிந்ததும் அரசாங்கத்திடமிருந்து ஒரு கடிதம்.
"என்னாத்த கேக்குறானுங்க தெரியுமாடா?"
போனில் சிரித்துச் சிரித்து இருமினாள்.
"ஒரு குச்சி, ஒரு குப்பி.
பீயத் தொட்டு எடுத்துத் தபால்ல போடணுமாம்.
அப்புறம் அந்தத் தபால்காரனுக்கு
எந்த மூஞ்சியோட போன்ழூர் சொல்றது?"

மருந்துக்கடையில் வாங்கி வந்த குச்சியும் குப்பியும்
பிரிட்ஜுக்கு மேலே, பழைய காலண்டருக்கடியில்.
இரண்டு வருஷத்துக்கொரு கடிதம். எதற்கும் பதிலில்லை.
அங்கே பத்தில் மூன்று பேர்தான் அனுப்புவார்களாம்.
அவள் மகள் எலோதி இருக்கிற ரோட்டர்டாமில்
ஏழு பேர்.
"டச்சுக்காரங்களுக்கு வெக்கமே கெடையாதும்மா" என்றாளாம்,
ஏதோ பரிசு வாங்கியவர்களைச் சொல்வதுபோல்.

எனக்கு யார் எழுதுவார்கள்?
ஆபீசில் ஒருமுறை முகாம் போட்டார்கள்.
வாயைத் திறக்கச் சொன்னார்கள், டார்ச் அடித்தார்கள்,
புகையிலை உண்டா என்றார்கள்.
வாசலோடு சோதனை முடிந்தது.
மறுமுனையைப் பற்றிக் கேட்க
அவர்கள் தாளில் கட்டம் இல்லை,
சொல்ல எனக்கு வாய் இல்லை.

ரத்தம் வந்தது.
மூலம் என்றேன். சூடு என்றேன்.
கருணைக்கிழங்கு, துத்தி இலை வதக்கல்,
இப்படியே பதினோரு மாதம்.
பெல்ட் மூன்று துளை உள்ளே போனது.
"சார் இப்பதான் வாக்கிங் போறாரு போல" என்று
ஆபீசில் பாராட்டினார்கள்.
நானும் ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

கோரிமேட்டில் தேதி கொடுத்தார்கள்.
முந்தின இரவு இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீர்,
எலுமிச்சை வாசனை பூசிய கடல்.
பதினான்கு முறை போனேன்.
அக்கம்பக்கத்துக்குக் கேட்காதிருக்க
செண்பகம் டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு
கக்கூஸ் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் திரையில் பார்த்தேன்,
என் ஐந்தடிக் கேபிளை.
ஈரமாய், இளஞ்சிவப்பாய், வளைந்து வளைந்து
அழகாகத்தான் இருந்தது,
இடதுபக்கத் திருப்பத்தில்
இன்சுலேஷன் வெந்துபோன அந்த இடம் வரும்வரை.
அதுவரை கிரிக்கெட் பேசிய டாக்டர் பையன்
பேச்சை நிறுத்தினான்.
பள்ளம் தோண்டி ஜாயிண்டைப் பார்த்ததும்
நாங்களும் அப்படித்தான் நிறுத்துவோம்.

வெட்டி இணைத்தார்கள். வயிற்றில் பை மாட்டிக்கொண்டு
நான் பஸ் ஏறிய கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

அக்கா அன்றைக்குச் சிரிக்கவில்லை.
அவள் டாக்டரம்மாவிடம் போய்
தம்பிக்கு இப்படி என்றாளாம்.
"கூடப்பிறந்தவருக்கா? அப்படியானால்
இந்தக் குப்பி உனக்குப் போதாது, கேமராதான்" என்று
அந்தம்மா அங்கேயே தேதி குறித்தாளாம்.
ஒரு குடியரசு ஆறு முறை எழுதியும் அசையாதவளுக்கு
என் குடல் எழுதியது
ஒரே தபாலில் போய்ச் சேர்ந்தது.

இரண்டு பாலிப்.
ஒன்று மிளகளவு, ஒன்று சுண்டைக்காயளவு.
எடுத்துவிட்டார்கள். மறுநாள்
எழுந்து பூண்டுக்குழம்பு வைத்தாளாம்.
"அவ்வளவுதான்டா" என்றாள்.
"அவ்வளவுதானா" என்றேன்.
அதற்குப் பிறகு கொஞ்ச நேரம்
இரண்டு நாடும் பேசவில்லை.

ஐப்பசி பிறக்கப் போகிறது.
மெக்கரைத் துடைத்து, பேட்டரி மாற்றி வைத்திருக்கிறேன்.
லைன்மேன் மாசிலாமணிக்கு இந்த வருஷம் ஐம்பது.
காலையில் டீக்கடையில் கேட்டேன்:
"வெளிய போறப்ப கீழ பாக்குறியாடா?
என்னா கலரு?"
கையிலிருந்த வடையை அப்படியே வைத்துவிட்டு
எழுந்து போனான்.

நாளைக்கும் அந்தக் கடைக்குத்தான் வருவான்.
நாளைக்கும் கேட்பேன்.